பாடசாலை வாசல்கள் தோறும்...



“பென்ஷன் எடுத்த பிறகும் ஏன் இப்படி ஊரூராகத் திரிகிறீர்கள்?” என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கலியாண வீட்டிலும் கேட்பார்கள், மையித்து வீட்டிலும் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். உங்களிடம் அப்படி மாற்றப் போவதில்லை. உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலைக்கும் என்னைப் போல ஒருவர் வந்து போயிருப்பார், இல்லாவிட்டால் நாளை வருவார். அவர் வந்து என்ன செய்கிறார், போன பின் என்ன மிஞ்சுகிறது என்பதைத் தாய்மார்களாகிய நீங்கள் தெரிந்திருப்பது நல்லதல்லவா?

நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு ஊக்கமளிக்கும்படி பாடசாலைகள் அழைக்கின்றன, போகிறேன். அழைப்பிதழில் ‘ஊக்குவிப்புப் பேச்சாளர்’ என்று அச்சிடுவார்கள். பிள்ளைகளின் வாயில் அது ‘மோட்டிவேஷன் டீச்சர்’ ஆகிவிடும். ஒரு பாடசாலையில் ஆறாம் தரத்துச் சின்னவன் ஒருவன் ‘மோட்டிவேஷன் உம்மம்மா’ என்றான். அதுதான் எனக்குப் பிடித்த பட்டம்.

இந்தப் பயணத்துக்கு ஒரு பருவம் இருந்தது. 2019 வரை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடந்தது. ஆகவே செப்டெம்பர் பிறந்தால் அழைப்புகள் வரத் தொடங்கும். நோன்பு மாதத்தில் நம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால் அந்த ஒரு மாதம் வீட்டில் இருப்பேன். கொரோனா வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. 2020-ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. அதற்கடுத்தது 2022 மே மாதத்துக்குப் போனது. 2022-இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே மூடப்பட்ட நாட்களும் இருந்தன. இப்போதெல்லாம் பரீட்சைத் திகதியைப் பார்த்துத்தான் பையை எடுக்கிறேன்.

அந்தப் பையில் என்ன இருக்கும் என்று கேட்கிறீர்களா? தொழுகை விரிப்பு, குடை, ஒரு பிளாஸ்க் இஞ்சிப் பிளேன்டீ, சித்தாலேப, பழைய கொப்பியிலிருந்து கிழித்த அரைத்தாள் கட்டு. அந்த அரைத்தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பையைத் தூக்குபவர் என் கணவர். மஹ்ரம் இல்லாமல் நான் தூரப் பயணம் போவதில்லை. அவரும் சலித்துக் கொண்டதில்லை. கிழக்கே போகும் இரவு பஸ்ஸில் பதினெட்டு வளைவு இறங்கும்போது அவர் குறட்டை விட்டுத் தூங்குவார், நான் ஸலவாத்து ஓதிக்கொண்டே விழித்திருப்பேன்.

ஒரு வேடிக்கை உண்டு. பாடசாலை வாசலில் நாங்கள் இறங்கியதும் அதிபர் ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்து முஸாபஹா செய்து, “வாங்க சேர், பிள்ளைகள் காத்திருக்கிறாங்க” என்று மேடைப் பக்கம் அழைத்துப் போவார். பின்னால் குடையும் கையுமாய் நான்! ஒருமுறை மாணவத் தலைவன் அவருக்கு மாலையே போட்டுவிட்டான். இவர் அந்த மாலையோடு என்னைத் திரும்பிப் பார்த்து, “இஞ்ச பாருங்க, நீங்களே பேசுறீங்களா, நான் பேசட்டா?” என்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெண்ணொருத்தி இந்த வேலையைச் செய்வாள் என்று நினைத்துப் பார்க்காத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் கண்கள் மட்டும் அந்த நேரத்தில் விரிவதைப் பார்த்திருக்கிறேன். நான் வாய் திறக்குமுன்பே பாதிப் பேச்சு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பெண்ணுக்குப் பயணத்தில் உள்ள கஷ்டம் வேறு. தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும். லுஹர் தாண்டி அஸரும் நெருங்கும் நேரத்தில், பெண்களுக்கு ஒழு எடுக்கவும் தொழவும் இடமுள்ள பள்ளிவாசலைத் தேட வேண்டும். பிரதான வீதிகளில் அப்படி வசதி செய்து வைத்திருக்கும் பள்ளிவாசல்கள் எனக்கு மனப்பாடம். அதைக் கட்டிக்கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் துஆச் செய்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வீதியோரத்தில் இருந்தால், வீட்டு ஆண்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பேச்சு என்னவோ எல்லா இடத்துக்கும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சகோதரிகளே! பேருவளைப் பக்கத்துப் பையனிடம் போய் “படித்தால்தான் சம்பாதிக்கலாம்” என்றால் அவன் மனதுக்குள் சிரிப்பான். அவனுடைய நானா சாதாரண தரத்தோடு நின்று சீனங்கோட்டையில் மாணிக்கக்கல் வாங்கி விற்கிறார், கார் வைத்திருக்கிறார். அவனிடம் கல்லைப் பற்றியே பேச வேண்டும். கல்லைச் சோதிக்கும் விஞ்ஞானமும், வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதும் கடிதமும் எந்த வகுப்பில் கிடைக்கின்றன என்று காட்ட வேண்டும். புத்தளம் பக்கம் போனால், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். “உங்கட ஊர் எது?” என்று கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டு, தாங்கள் பிறக்காத, வாழாத ஊரின் பெயரைச் சொல்வார்கள். உம்மம்மாவிடமிருந்து வந்த பெயர் அது. அவர்களிடம் ‘வேரூன்றி நில்லுங்கள்’ என்றெல்லாம் அலங்காரமாகப் பேச எனக்கு நா எழுவதில்லை.

கிண்ணியாவை மறக்க முடியாது. 2009-இல் அங்கே பெரிய பாலம் திறக்கப்பட்டபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் ஒரு பால வேலை முடியாமல் கிடந்ததால் மக்கள் மிதப்புப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23-ஆம் திகதி அந்தப் பாதை கவிழ்ந்து, காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மறு வருடம் அந்தப் பக்கத்துப் பாடசாலையொன்று என்னை அழைத்தது. தயாரித்த பேச்சைப் பையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்தேன். அவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ, பரீட்சை நாளில் மழை பெய்தால் நிலையத்துக்கு நேரத்தோடு எப்படிப் போய்ச் சேருவது, பிந்திப் போனால் உள்ளே விடுவார்களா என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைக்கு நாங்கள் செய்ததெல்லாம், யார் யாருக்கு நிலையத்துக்குப் பக்கத்தில் சாச்சி, மாமி வீடுகள் இருக்கின்றன, முதல் நாளிரவே யார் எங்கே போய்த் தங்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதியதுதான். அந்தப் பட்டியல் என் எந்தப் பேச்சையும் விடப் பெறுமதியானது.

இனி, மனதில் கிடந்து உறுத்தும் ஒரு விடயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகளை அழவைப்பதே திறமை என்று நினைக்கும் பேச்சாளர்கள் பெருகியிருக்கிறார்கள். மண்டபத்தின் யன்னல்களைச் சாத்துவார்கள். மெதுவாக ஓர் இசையோ கஸீதாவோ போடுவார்கள். “கண்களை மூடுங்கள். உங்கள் உம்மாவின் முகத்தை நினையுங்கள். அந்தக் கைகளில் உள்ள காய்ப்பை நினையுங்கள். அந்த உம்மா நாளை மௌத்தாகிவிட்டால்...” என்று தொடங்குவார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை விம்மும், பத்தாவது நிமிடத்தில் மண்டபமே விம்மும். ஆசிரியைகளும் கண்ணைத் துடைப்பார்கள். “எல்லாப் பிள்ளைகளையும் அழவைத்துவிட்டார், மாஷா அல்லாஹ்!” என்று அதிபர் மகிழ்ந்து போவார்.

அப்படியொரு கருத்தரங்கு நடந்து இரண்டு நாட்களுக்குப் பின் ஒரு பாடசாலைக்கு நான் போக நேர்ந்தது. பாடசாலையின் பெயரும் பேச்சாளரின் பெயரும் இங்கு வேண்டாம். என் அரைத்தாள் கட்டை அன்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், மனதில் உள்ள ஒன்றை மட்டும் எழுதுங்கள், நான் மட்டுமே வாசிப்பேன், வாசித்ததும் கிழித்துவிடுவேன் என்பது என் நிபந்தனை. ஒரு தாளில் உருண்டையான எழுத்தில் இப்படி இருந்தது: ‘உம்மாட முகத்த நினைக்கச் சொன்னாங்க. எனக்கு ஞாபகம் வரல்ல. உம்மா குவைத்துக்குப் போய் ஏழு வருசம். எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன், அழாட்டி பாப்பாங்களே என்டு.’

சகோதரிகளே, இந்தப் பிள்ளைக்கு அந்த ஊக்குவிப்பு எதைக் கொடுத்தது? தாயில்லாத பிள்ளை, தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் பிள்ளை, தாயும் தந்தையும் பிரிந்த பிள்ளை, இப்படி மூன்று நான்கு பேராவது இல்லாத வகுப்பு இந்த நாட்டில் எனக்குத் தெரிந்து கிடையாது. கண்ணீர் வந்தால் கல்பு திறந்துவிட்டது என்று பெரியவர்கள் திருப்திப்படுகிறார்கள். பிள்ளையோ வீட்டுக்குப் போய், தனக்குள் ஏதோ குறை இருப்பதாக நினைத்துப் படுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் அழவைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுபவருக்கு இது தெரிய வாய்ப்பேயில்லை.

அரைத்தாள்களில் வேறென்ன வரும் என்று சொல்கிறேன். நீங்கள் எதிர்பார்ப்பவை குறைவு. ‘டாக்டராக வேண்டும்’ என்று பத்துப் பேர் எழுதினால், ‘கணக்கு விளங்கவில்லை, கேட்கப் பயம்’ என்று நாற்பது பேர் எழுதுவார்கள். ‘டியூஷன் காசு மூன்று மாதம் கொடுக்கவில்லை, சேர் எல்லோருக்கும் முன்னால் பெயர் வாசிக்கிறார்’ என்று இருக்கும். பெண் பிள்ளைகளின் தாள்களில் அடிக்கடி வருவது மலசலகூடம். கதவுக்குக் கொண்டியில்லை, தண்ணீர் வருவதில்லை, அதனால் மாதத்தில் அந்த நாட்களில் வருவதில்லை. கணக்குப் பாருங்கள். மாதத்துக்கு மூன்று நாள் வராத பிள்ளை வருடத்தில் எத்தனை பாடங்களை இழக்கும்? அதற்கு மேடையில் நின்று ‘விடாமுயற்சி’ என்று பேசி என்ன பயன்? கதவுக்கு ஒரு கொண்டி போட வேண்டும், அவ்வளவுதான். ஓரிடத்தில் நான் பேச்சை முடித்துவிட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தலைவரிடம் இதை மட்டும் சொன்னேன். அவர் முகம் சிவந்து போனார், பாவம். ஆனால் அடுத்த கிழமையே நான்கு கொண்டிகள் போட்டுவிட்டதாக ஆள் விட்டுச் சொன்னார். எனக்குத் தந்த நினைவுச் சின்னத்தை விட அது பெரிது. (அந்த நினைவுச் சின்னங்களை என்ன செய்வது என்று யாராவது யோசனை சொல்லுங்கள். எங்கள் அலுமாரியில் இனி இடமில்லை. பொன்னாடைகள் பேரப்பிள்ளையின் தொட்டிலுக்குப் போய்விட்டன.)

ஒருமுறை பேச்சு முடிந்து புறப்படும்போது பதினோராம் தரத்துப் பிள்ளையொன்று பின்னால் வந்தது. “டீச்சர், நீங்க போனாப் பொறகு யாருக்கிட்டச் சொல்லுற?” என்றது. கேள்வியில் கோபமில்லை. ‘அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?’ என்று கேட்பது போல இருந்தது. அன்றிலிருந்து இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். அந்தப் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையோ, பிள்ளைகள் நம்பும் வேறொரு ஆசிரியையோ என்னோடு ஆரம்பம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும். ஒரே பாடசாலைக்கு மூன்று முறையாவது போக வேண்டும், மூன்றில் ஒன்று தாய்மாருக்கு மட்டும். இதனால் நான் போகும் பாடசாலைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. “ஒரே நாளில் மூன்று பாடசாலை பேசுகிறவர்களும் இருக்கிறார்களே” என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவர்களுக்கு அல்லாஹ் பரகத் செய்யட்டும்.

நம் சமூகத்தில் கல்விக்காக ஊரூராகப் பேசியவர்கள் புதியவர்கள் அல்லர். கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை, 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர், ஆங்கிலக் கல்வியும் பெண் கல்வியும் வேண்டுமென்று பேசியபோது அவருக்குக் கிடைத்தது கைதட்டல் மட்டுமல்ல, ஏச்சும்தான். ஆனால் அவர் பேச்சோடு நிற்கவில்லை. பாடசாலைகளை உண்டாக்கினார். 1892-இல் கொழும்பில் ஸாஹிறா உருவானதற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1940-களில் கல்முனையில் அரசாங்க உதவி அதிபராகக் கடமையாற்றியவர். வசதியற்ற பிள்ளைகள் படிக்கவென்று 1945-இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவினார். பிறகு 1948 முதல் 1961 வரை ஸாஹிறாவின் அதிபராயிருந்தார். இவர்கள் பேசிய பேச்சுக்கள் காற்றோடு போயிருக்கலாம். கட்டடமும் நிதியமும் நின்றன. நாம் எந்த மூலைக்கு? நான்கு கொண்டி போடத்தானே முடிகிறது!

தாய்மார் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் பயணத்தில் மனம் நிறைவது அங்கேதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின், சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருப்பார்கள். பேச்சு யாருக்கும் தேவையில்லை, கேள்விகள்தான். தேசிய கல்வியியற் கல்லூரிக்கு யார் போகலாம்? தொழில்நுட்பக் கல்லூரியில் பெண் பிள்ளைகளை எடுப்பார்களா? 2017-இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி என்பது என்ன? சாதாரண தரத்தில் தவறினாலும் தொழிற்பாடங்களோடு பாடசாலையிலேயே தொடர்ந்து படிக்க வழி இருக்கிறது என்று சொன்னால், “இத யாரும் எங்களுக்குச் சொல்லல்லியே!” என்பார்கள். பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது 2016 முதல் சட்டப்படி கட்டாயம் என்பதும் பலருக்குப் புதுச் செய்திதான்.

கிழக்கில் கரையோரக் கிராமமொன்று. இரண்டாம் தடவை போனபோது, முதல் தடவை முன்வரிசையில் இருந்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்ட ஒரு பிள்ளையைக் காணவில்லை. பெறுபேறு வந்துவிட்டது, எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் இல்லை என்றார்கள். கலியாணம் பேசியாகிவிட்டது என்றும் சொன்னார்கள். நான் யார், அதில் தலையிட? மனம் கனத்துப்போய்த் தாய்மார் கூட்டத்தை நடத்தினேன். கூட்டம் கலைந்த பின் கடைசி வாங்கிலிருந்து ஒரு தாய் எழுந்து வந்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில், “டீச்சர், கணக்கு மட்டுந்தான் போன. அத மட்டும் திரும்ப எழுதேலுமா?” என்று கேட்டார்.

எழுதலாம் என்றேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்து எழுதலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப முடிஞ்சி போகல்லியா?” என்றார்.

முடிந்துபோய்விட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முடியவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. தவறினால் அவ்வளவுதான் என்று அந்த வீட்டில் எல்லோரும் தாமாகவே நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பின் மேல்தான் கலியாணப் பேச்சும் நின்றது. கணித ஆசிரியை பக்கத்திலேயே இருந்தார், அல்லாஹ்வின் ஏற்பாடு. பின்னேரங்களில் வீட்டுக்கு வரச் சொன்னார், காசு வேண்டாம் என்றார். விண்ணப்பத்தையும் அவரே பூர்த்தி செய்து கொடுத்தார். பிள்ளையின் வாப்பாவோடு பேசியது நானல்ல, என் கணவர். பள்ளிவாசல் திண்ணையில் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “மீன் விலைதான் கூடுதலாப் பேசின. கடைசியில ஒரு வருசம் பொறுக்கலாம் எண்டு அவரே சொன்னார்” என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பதாகச் சொன்னார்களாம். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதில் அந்த வாப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருக்கத்தான் செய்தது. மறைப்பானேன்?

பிள்ளை கணிதத்தில் சாதாரண சித்தி பெற்று, இப்போது உயர்தரத்தில் கலைப் பிரிவில் படிக்கிறாள். அந்தத் தாய் மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் அழைப்பார். மகளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. “டீச்சர், சின்னவன் ஒன்பதாம் தரம். அவனுக்குக் கணக்கும் வரல்ல, விஞ்ஞானமும் வரல்ல. ஆனா மோட்டரைக் கழட்டினா அப்படியே பூட்டிப்போடுவான். அவன எங்க சேக்கிற?” என்று கேட்கிறார். இந்த முறை போகும்போது அவனுக்காகத் தொழிற்பயிற்சி விண்ணப்பப் படிவம் ஒன்றும் பையில் இருக்கிறது, அரைத்தாள் கட்டுக்குக் கீழே.